தூளியில இருந்து மெத்தைக்கு மாறணும், 2 வயசு பாப்பா... நீங்கல்லாம் எப்படி பண்ணீங்க?

வைகைக்கரை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க நீங்கல்லாம் எழுதுறத படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எனக்கே உதவி வேணும்னு வந்திருக்கேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பாப்பாவுக்கு 2 வயசு 2 மாசம். நாங்க மதுரை, வாடகை வீடு, மாடி. தொட்டில் போட்ட நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் தூளியிலதான் தூங்குறா, பகலும் அதுல ராத்திரியும் அதுல. எங்க அம்மாவோட பழைய சுங்குடி சேலை, துவைச்சு துவைச்சு பஞ்சு மாதிரி ஆயிருச்சு, ஹால்ல கொக்கி போட்டு ஸ்பிரிங் மாட்டி அதுல கட்டியிருக்கோம். இப்ப 12 கிலோ இருக்கா, கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, ஆட்டி ஆட்டி ராத்திரியானா எனக்கு வலது தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அதைக்கூட பொறுத்துக்குவேன். போன மாசம் நான் அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருந்தப்ப அவ முழிச்சு தானா இறங்கப் பாத்திருக்கா, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய, சேலை ஒரு சுத்து முறுக்கி அவ கக்கத்துக்கிட்ட இறுக்கிருச்சு. அம்மான்னு ஒரு கத்து. ஓடிப்போய் தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா அன்னைக்கு பூரா எனக்கு தூக்கமே வரல, கக்கத்துல இல்லாம கழுத்துல மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னே மனசு சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதான் தூளி போதும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா மெத்தையில போட்டா ரெண்டு நிமிஷம் படுப்பா, எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு கொக்கியக் காட்டி ஆடு ஆடுன்னு அழுவா. தூளியில நல்லா தூங்குனதுக்கப்புறம் மெதுவா தூக்கி மெத்தையில போட்டாலும் ஒரு மணி நேரத்துல முழிச்சிருவா. இதுல தாய்ப்பால் வேற இன்னும் நிறுத்தல. படுக்கும்போது ஒருதரம், ராத்திரி 2 மணிக்கு ஒருதரம், விடியக்காலம் 5 மணிக்கு ஒருதரம். பகல் தூக்கம் சாயங்காலம் 4 மணிக்கு போயி 6 மணிக்கு எந்திரிப்பா, அப்புறம் ராத்திரி 11.30 வரைக்கும் முழிச்சிருப்பா, காலையில 8 மணிக்கு எந்திரிப்பா. ஜூன்ல ப்ரீகேஜி சேக்கணும், காலையில 9 மணிக்கு அங்க இருக்கணும். அதை நெனச்சாலே பக்குன்னு இருக்கு.

அவளுக்கு இப்ப என்னென்ன பிடிக்கும்னு சொன்னா ஏதாவது யோசனை சொல்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன் (எழுதணும்னு எனக்கும் ஆசையா இருக்கு, இந்த வயசு சீக்கிரம் ஓடிப்போயிருதுன்னு எல்லாரும் சொல்றாங்க). தயிர் சாதத்துல மாதுளம் முத்து போட்டா ஒவ்வொண்ணா பொறுக்கி தின்னுட்டு அப்புறம் சாதத்தை தின்பா. பால்காரர் ஹாரன் சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் பால்கனிக்கு ஓடுவா. மொட்டை மாடியில நிலா. சொப்பு சாமான்ல எனக்கு தினம் காப்பி போட்டுத் தருவா, ஊதி ஊதி குடிக்கணும், ஊதலைன்னா திருப்பி வாங்கிட்டுப் போயி ஆத்திட்டு வருவா. யானை படம் போட்ட ஒரு அட்டை புக், அதுல ஒரு பக்கம் பாதி கிழிஞ்சிருச்சு, அந்த பக்கம் வந்தா மட்டும் பாவம்னு சொல்லி தடவிக் குடுப்பா. எல்லாத்துக்கும் மேல அம்மாச்சியோட சேலை. தூங்கும்போது அந்த தூளி ஓரத்தை விரலுக்கு நடுவுல வச்சு தேச்சுக்கிட்டே இருப்பா, தேய்க்கிறது நின்னா தூங்கிட்டான்னு அர்த்தம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட் ஒரு வாரம் நைட். அம்மா இப்ப கூட இருக்காங்க, ஆனா இன்னும் பத்து நாள்ல அருப்புக்கோட்டை போயிருவாங்க, அப்பா தனியா இருக்கார்.

தூளியை ஒரேயடியா அவுத்துறலாமா, கொஞ்சம் கொஞ்சமாவா? பால் நிறுத்துறதையும் இதோட சேத்து பண்ணிறலாமா? பகல் தூக்கத்தை எப்படி முன்னாடி இழுக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈரோட்டு மஞ்சள்

உங்க போஸ்ட்டை படிக்கறப்ப எங்க பையனைப் பாத்த மாதிரியே இருந்துச்சுங்க. நாங்க தொட்டில்னு சொல்லுவோம், அவன் ரெண்டரை வயசு வரைக்கும் அதுலதான்.

நான் மொதல்ல பண்ணுன தப்பு, பகல்ல ஆரம்பிச்சேன். பகல்ல தூங்கலைன்னா பரவால்லன்னு நெனச்சு மத்தியானம் மெத்தையில போட்டு பழக்கப் பாத்தேன். நாலு நாள் மத்தியானம் தூங்கவே இல்ல, சாயங்காலம் ஆனா ஒரே அழுகை, ராத்திரி தொட்டில்ல போட்டாலும் திமிருவான். அப்பறம் எங்க அக்கா சொல்லித்தான் மாத்துனேன், ராத்திரிதான் உடம்பு நல்லா அசந்திருக்கும் அதனால மொதல்ல ராத்திரி மெத்தை, பகல்ல தொட்டில் இருக்கட்டும்னு. அது எங்களுக்கு சரியா வந்துச்சுங்க. ராத்திரி பழகி பத்து நாள் கழிச்சு பகலும் மெத்தைக்கு வந்துட்டான்.

இன்னொண்ணு, தொட்டிலை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கி கட்டுனேன். கீழ இலவம்பஞ்சு மெத்தை போட்டு, அஞ்சாறு நாள்ல அவன் முதுகு மெத்தையில படற அளவுக்கு எறக்கியாச்சு, ஆட்டுனாலும் லேசா அசையும் அவ்வளவுதான். ஸ்பிரிங்கை மொத நாளே கழட்டிட்டேன். அப்பறம் ஒரு நாள் அதே துணியை அவுத்து மெத்தை மேல விரிச்சுட்டேன். மெத்தைக்கு மாறுனதே அவனுக்கு பெருசா தெரியலைங்க, துணி அதேதான, வாசம் அதேதான.

உங்க பாப்பாவுக்கு அந்த சேலை ஓரம்தான் முக்கியம்னு தோணுதுங்க. ஆட்டுறது இல்லாம போனாலும் சேலை கூட இருக்கோணும். எதை விட்டாலும் அதை மட்டும் விட்ராதீங்க.

வார்டு அக்கா

நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி. பாப்பா தானா இறங்கப் பார்த்து துணி முறுக்கிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதுக்கப்புறம் அவளைத் தூளியில தனியா விட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போகவே போகாதீங்க. சேலை தொட்டில்ல ஏறி இறங்கிற வயசுதான் ரொம்ப ஆபத்தான வயசு. சின்னப் பிள்ளைல அசையாம படுத்திருந்தா, இப்ப எந்திரிச்சு நிப்பா, சுத்துவா, விளையாட்டுக்கு ராட்டினம் மாதிரி சுத்திவிடச் சொல்லுவா. கழுத்துல மாட்டுனா சத்தம் கூட போட முடியாது. மேல அந்த சகோதரி சொன்ன மாதிரி இறக்கி கட்டுறதா இருந்தாலும் நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா மட்டும்தான், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல இழுக்க வேணாம். பயன்படுத்தாத நேரத்துல துணியை கொக்கியில இருந்து கழட்டி வச்சிருங்க, தொங்க விடாதீங்க.

தூக்கத்துல போட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துல ஏன் முழிக்கிறான்னா, நம்ம எல்லாருமே ராத்திரியில பலதரம் லேசா முழிச்சு முழிச்சுதான் தூங்குறோம், நமக்கு காலையில ஞாபகம் இருக்காது அவ்வளவுதான். பிள்ளை எப்படி தூங்கிச்சோ அப்படியே இருந்தா புரண்டு படுத்து மறுபடி தூங்கிரும். ஆடிக்கிட்டே தூங்குன பிள்ளை, முழிச்சுப் பார்த்தா ஆட்டம் இல்ல, பக்கத்துல துணி இல்ல, மேல ஃபேன் சுத்துது. நாம வீட்ல படுத்து ரோட்டுல முழிச்சா எப்படி இருக்கும், அப்படித்தான் அதுக்கு. அதனால தூங்க வச்சு தூக்கிப் போடுறதை விட, மெத்தையிலயே கண்ணு சொருகுறதுக்கு பழக்குறதுதான் வழி. இது பிடிவாதம் இல்லம்மா, அவ உடம்புக்கு தூக்கம்னா ஆட்டம்னு பதிஞ்சிருக்கு.

அப்புறம் மணிக்கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 1ல இருந்து 2 வயசு வரைக்கும் பகல் தூக்கத்தோட சேர்த்து 11ல இருந்து 14 மணி நேரம், 3, 4 வயசுல 10ல இருந்து 13. உங்க கணக்குப்படி ராத்திரி 11.30ல இருந்து 8 வரை எட்டரை, சாயங்காலம் 2, மொத்தம் பத்தரைதான் வருது, அதுலயும் ரெண்டுதரம் முழிக்கிறா. தூக்கம் பத்தாத பிள்ளை அசந்து விழும்னு நினைப்போம், ஆனா நேர்மாறா குதிக்கும். காலையில 8 மணிக்கு எழுந்திரிக்கிறதை முதல்ல 7க்கு கொண்டு வாங்க, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வர விடுங்க, பால்கனியில கொஞ்சம் நில்லுங்க. 12 மணிக்கு சாப்பாடு, 12.45, 1 மணிக்குள்ள படுக்கை. மூணு மணிக்கு மேல எந்த காரணத்துக்கும் தூங்க விடாதீங்க, ஒன்றரை மணி நேரம் தூங்குனா போதும். அப்ப ராத்திரி 9க்கு தானா கண்ணு சொருகும். இந்த வயசுல பகல் தூக்கத்தை மொத்தமா எடுத்துடாதீங்க, பெரும்பாலான பிள்ளைங்க அதை மூணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ளதான் விடுவாங்க.

படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போன், டிவி எல்லாத்தையும் நிறுத்திருங்க. வெளிச்சம் கண்ணுல அடிச்சா தூக்கத்துக்கான ஹார்மோன் சுரக்கிறது குறையும், சின்னப் பிள்ளைங்களுக்கு இன்னும் அதிகம்.

பால் விஷயம். ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. ரெண்டு வயசுக்கு மேலயும் தாய்ப்பால் குடுக்கலாம், அதுல தப்பே இல்ல, நிறுத்துறதும் நிறுத்தாததும் உங்க ரெண்டு பேர் இஷ்டம். ஆனா படுக்கும்போது குடுக்கிறதை, குடிச்சிட்டு வாய் கழுவி அப்புறம் கதைன்னு வரிசையை மாத்துங்க. தாய்ப்பாலை நிறுத்திட்டு ராத்திரி பாட்டில்ல பசும்பால் குடுக்கிற தப்பை மட்டும் பண்ணிராதீங்க, முன் பல்லு நாலும் சொத்தையா வர்ற பிள்ளைங்களை நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள்ள இருக்கட்டும், அதுக்கு மேல போனா சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்து குறையும். ரத்தம் கம்மியா இருக்கிற சில பிள்ளைங்க ராத்திரி பூரா காலை உதைச்சுக்கிட்டு புரண்டுக்கிட்டே இருப்பாங்க.

தினமும் குறட்டை விடுறா, வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறான்னா மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்க. தூங்குறதுக்காக சளி சிரப் குடுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சிரப்பை 4 வயசுக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிருச்சு. அப்படியும் குடுக்கிற வீடுகள் இருக்கு, அதான் சொல்றேன்.

சிட்டுக்குருவி

ஏன் இவ்வளவு அவசரம்னு எனக்கு புரியல. என் பொண்ணு மூணே முக்கால் வயசு வரைக்கும் தூளியிலதான் தூங்குனா, தானாவே விட்டுட்டா. நம்ம பாட்டி காலத்துல இருந்து இருக்கிற பழக்கம், எல்லாரும் அதுலதான் வளந்தோம். பாவம் பிள்ளை அழுதா மனசு தாங்குமா.

வார்டு அக்கா

சகோதரி, தூளி கெட்டதுன்னு நான் சொல்லவே இல்ல. என் ரெண்டு பிள்ளைங்களும் அதுல தூங்குனவங்கதான். ஆனா உங்க பொண்ணு அதுல மாட்டிக்கல, இந்தப் பாப்பா ஒருதரம் மாட்டியிருக்கு. அந்த ஒரு வித்தியாசம்தான். அதைப் பார்த்த அம்மாவுக்கு வேணாம்னு தோணுச்சுன்னா அது சரியான முடிவு.

பனங்குருத்து

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறம். ஊரில ஏணை எண்டு சொல்லுவினம், அம்மம்மா வந்து நிண்ட ஆறு மாசமும் என்ர மகன் ஏணையிலதான். பிறகு கிரிப்புக்கு, அதான் சுத்திவரக் கம்பி வச்ச பிள்ளைக் கட்டிலுக்கு மாத்தி, இப்ப கிரிப்பில இருந்து கட்டிலுக்கு மாத்திக்கொண்டிருக்கிறம், அவனுக்கு 2 வயசும் 5 மாசமும். இஞ்ச டொக்டர்மார் பிள்ளை 35 அங்குலம், கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரம் வந்தால் கிரிப் காணாது, கம்பியால ஏறி விழும் எண்டு சொல்லுவினம், என்ர மகன் 88லயே ஏறிக் குதிச்சுப்போட்டான். அதனால நீங்கள் அனுபவிச்ச பயம் எனக்கு நல்லா விளங்குது.

நேரத்தை முன்னுக்கு இழுக்கிறதைப் பற்றி நான் ஒண்டு சொல்லலாம். இஞ்ச மார்ச் மாசம் ரெண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பினம், பெரியாக்களுக்கே ஒரு கிழமை தலை சுத்தும், பிள்ளையளுக்குச் சொல்லவே வேண்டாம். போன முறை நான் ஒரு கிழமைக்கு முதலே ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் பத்து நிமிசமா முன்னுக்குக் கொண்டு வந்தன். நித்திரை மட்டும் இல்ல, சாப்பாடு, குளிப்பு, எழும்புறது எல்லாத்தையும் சேர்த்து. அப்பிடிச் செய்தால் பிள்ளைக்குத் தெரியாமலே மாறிப்போகும். 11.30ஐ ஒரே இரவில 9 ஆக்க ஏலாது, நீங்கள் அழுவீங்கள், அவவும் அழுவா. ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும் எண்டு மனசில வச்சுக்கொள்ளுங்கோ. ஆனி மாசத்தில இஞ்ச இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதுக்கு நான் கறுப்புத் துணி வாங்கி யன்னலை மூடினன், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, 7 மணிக்கே இருட்டிவிடும், அது பெரிய வசதி.

சேலைத் துணி பற்றி அந்தச் சகோதரி சொன்னது மெத்தச் சரி. அம்மம்மா திரும்பிப் போகேக்க விட்டிட்டுப் போன ஒரு பருத்திச் சேலையை நான் நாலா மடிச்சு தலையணை உறை தைச்சன். இண்டைக்கும் அதில்லாமல் படுக்கமாட்டான்.

வைகைக்கரை அம்மா

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டுதரம் படிச்சேன், அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். வார்டு அக்கா, அந்த கணக்கு போட்டுக் காட்டுனீங்க பாருங்க, பத்தரை மணி நேரம்னு, நான் அவ நிறைய தூங்குறான்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்பிரிங்கை நேத்தே கழட்டியாச்சு. குறட்டை எல்லாம் இல்லக்கா.

தூளி முதல்ல, பால் அப்புறம்னு முடிவு பண்ணியிருக்கேன். ஆனா எங்க பெரியம்மா வேப்பெண்ணெய் தடவு, ஒரே நாள்ல மறந்துருவான்னு சொல்றாங்க. அப்படி பண்ணலாமா? அப்புறம் ராத்திரி அழுதா கீழ் வீட்டுக்காரங்களுக்கு கஷ்டமா இருக்குமேன்னும் ஒரு யோசனை.

கோரைப்பாய் பாட்டி

தாயி, நான் ஆறு பேரப்பிள்ளைகளை வளத்துருக்கேன், பேத்திதான் இதை டைப் பண்ணி குடுக்குறா. வேப்பெண்ணெய் நானும் தடவுனவதான், என் மூத்த மகளுக்கு. அவ ஒருதரம் வாயை வச்சுட்டு என் முகத்தைப் பாத்த பார்வை இருக்கு பாரு, நாப்பது வருசம் ஆச்சு இன்னும் மறக்கல. அப்ப வேற வழி எனக்கு சொல்லித்தர ஆள் இல்ல. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு பேசினா புரியும் தாயி. கடைசி மகனுக்கு அப்படித்தான் பண்ணேன், பால் தூங்கிருச்சுய்யா, காக்கா கத்துனதும் எந்திரிக்கும்னு சொல்லிச் சொல்லி. மொத ரெண்டு நாள் அழுதான். நெஞ்சோட அணைச்சு முதுகுல தட்டிக்கிட்டே இருந்தேன், மூணாம் நாள் அவனே பால் தூங்குதான்னு கேட்டுட்டு திரும்பிப் படுத்துட்டான்.

பால் கட்டிக்கிட்டா மல்லிப்பூ வச்சு கட்டு. இது சும்மா சொல்றதில்ல, 1988லயே ஆராய்ச்சி பண்ணி, பால் நிக்கிறதுக்கு குடுக்கிற மாத்திரையோட மல்லிப்பூவை ஒப்பிட்டுப் பாத்து, வீக்கம் குறையுறதுல பூவும் மாத்திரை அளவுக்கு வேலை செஞ்சதுன்னு எழுதியிருக்காங்கன்னு பேத்தி படிச்சுச் சொன்னா. மதுரையில இருக்க, மல்லிப்பூவுக்கா பஞ்சம். ஆனா ஒவ்வொரு வேளையா குறைச்சா பெரும்பாலும் கட்டாது. காய்ச்சல், சிவந்து போயி வலின்னு வந்தா மட்டும் டாக்டர்கிட்ட ஓடு.

மெத்தையை கட்டில் மேல போடாதே, தரையில போடு. கீழ பாய் விரிச்சு மேல மெத்தை. உருண்டு விழுந்தாலும் பாயிலதான் விழும். கொசுவலை கட்டிக்க, அந்த வலைக்குள்ள போறதே பிள்ளைகளுக்கு வீடு கட்டி விளையாடுற மாதிரி இருக்கும்.

கீழ் வீட்டுக்காரங்ககிட்ட நீயே போயி ஒரு வார்த்தை சொல்லிரு, பிள்ளைக்கு தூளி மறக்கடிக்கிறோம், நாலு நாள் சத்தமா இருக்கும்னு. சொல்லிட்டா எவளும் கோவிக்க மாட்டா, பிள்ளை பெத்தவங்கதான எல்லாரும்.

ரெட்டைப்பிள்ளை அப்பா

ஒரு அப்பாவா நான் சொல்லிக்கிறேன். எங்களுக்கு ட்வின்ஸ், ரெண்டு தூளி, ஹாலே தூளிதான். என் மனைவி மட்டும் தூங்க வச்சா பால் வாசம் வந்து அழுகை ஜாஸ்தியாகுதுன்னு பாத்துட்டு, மெத்தைக்கு மாத்துன முதல் வாரம் நான் தூங்க வச்சேன். உங்க வீட்டுக்காரருக்கு பகல் ஷிஃப்ட் இருக்கிற வாரத்துல ஆரம்பிங்க, அவரை அந்த வாரம் முழுக்க பக்கத்துல படுக்கச் சொல்லுங்க. அம்மாச்சி இருக்கும்போதே ஆரம்பிச்சா இன்னும் நல்லது, ஆனா அம்மாச்சி கிளம்புற அன்னைக்கு மட்டும் புதுசா எதையும் மாத்தாதீங்க, ஒரே நாள்ல ரெண்டு பிரிவு பிள்ளைக்கு தாங்காது.

நாங்க பண்ணது, 8 மணிக்கு வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி உடம்பு கழுவி, காட்டன் ட்ரெஸ், பல்லு விளக்கி, பெரிய லைட்டை அணைச்சிட்டு சின்ன லைட். ரெண்டு கதை. தினமும் அதே வரிசை. புக் வாங்கி கட்டுப்படியாகலைன்னா ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ்லயே நிறைய படக்கதை இலவசமா இருக்கு, போன்ல காட்டாதீங்க, ரெண்டு மூணு பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. முதல் மூணு நாள் பக்கத்துலயே படுத்து மார்ல கையை வச்சு லேசா ஆட்டுனேன், தூளி ஆடுற அதே வேகத்துல. நாலாம் நாள் கை மட்டும் வச்சேன், ஆட்டல. அப்புறம் பக்கத்துல உக்காந்திருந்தேன். முதல் ராத்திரி 50 நிமிஷம் அழுதாங்க, விட்டுட்டு வெளிய போகல, கூடவே இருந்தேன். எட்டாவது ராத்திரி பத்து நிமிஷத்துல தூங்கிட்டாங்க. நடுவுல அஞ்சாம் நாள் மறுபடி மோசமா போச்சு, அப்ப தூளியை எடுத்துக் கட்டிறலாமான்னு கை வந்துச்சு. கட்டாம இருந்துட்டோம். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும், அன்னைக்கு மட்டும் தாண்டிருங்க.

வைகைக்கரை அம்மா (மூணு வாரம் கழிச்சு)

வந்துட்டேன். சொல்லாம இருக்க மனசு வரல.

அவர் பகல் ஷிஃப்ட்ல இருந்த வாரம் ஆரம்பிச்சோம். மத்தியானம் நான் உக்காந்து இறக்கி கட்டுன தூளி, ராத்திரி தரையில பாய் மேல மெத்தை. முதல் நாள் ராத்திரி 40 நிமிஷம் அழுதா, கொக்கியப் பாத்து பாத்து அழுதா. அவர் கையை மேல வச்சுக்கிட்டு யானை கதையை புக் இல்லாமலேயே சொல்லிக்கிட்டு இருந்தார், அந்த கிழிஞ்ச பக்கத்துக்கு வந்தப்ப அழுகைக்கு நடுவுலயே பாவம்னு சொன்னா. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு அழுதேன். கீழ் வீட்டு அக்காகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன், மறுநாள் காலையில அவங்களே வந்து பரவால்லடி நேத்து முக்கால் மணி நேரத்துல அடங்கிருச்சேன்னு சொல்லிட்டு ஒரு கிண்ணம் கேசரி குடுத்துட்டு போனாங்க. ஆறாம் நாள் எங்களுக்கும் மோசமாதான் போச்சு, ரெட்டைப்பிள்ளை அப்பா எழுதுனதை எடுத்து மறுபடி படிச்சேன்.

அம்மா கிளம்புறதுக்கு முதல் நாள் தூளியை அவுத்து, அதே சேலையில ஒரு சின்ன தலையணையும் ஒரு போர்வையும் தச்சு குடுத்துட்டு போனாங்க. ஓரத்துல அந்த கரை வர்ற மாதிரி, அவ விரல்ல தேய்க்கிறதுக்கு. கொக்கியில இப்ப ஒரு துணி பொம்மை கிளி தொங்குது, தூங்கும்போது கிளிக்கு டாட்டா சொல்லுவா.

தூக்கம் இப்ப மத்தியானம் 1.15க்கு போயி 2.45க்கு எந்திரிக்கிறா, ராத்திரி 9.30 ஆகுது, காலையில 7.15. இன்னும் 9 மணிக்கு கொண்டு வரணும், நாளுக்கு பத்து நிமிஷம்னு போய்க்கிட்டு இருக்கேன். பால்ல ராத்திரி 2 மணி வேளை மட்டும் நின்னிருக்கு. பால் தூங்கிருச்சு, காக்கா வந்ததும் எந்திரிக்கும்னு பாட்டி சொன்னதையே சொன்னேன். இப்ப விடியக்காலம் 5 மணிக்கு காக்கா சத்தம் கேட்டா டக்குனு எந்திரிச்சு அம்மா காக்கா வந்துருச்சுன்னு வந்து நிக்கிறா, அதைக் கேட்டா எனக்கு குடுக்காம இருக்க முடியல, அந்த ஒரு வேளை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன். தோள்பட்டை வலி கூட குறைஞ்சிருச்சு.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த போர்வையை துவைக்கணும், பத்து நாள் ஆச்சு. துவைக்க எடுத்தா அழுறா, காயுற வரைக்கும் கொடிக்கு கீழயே நிக்கிறா. வாசம் போயிருச்சுன்னா மறுபடி ராத்திரி தூங்க மாட்டாளோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணீங்க?

பனங்குருத்து

ரெண்டா வெட்டித் தையுங்கோ. ஒண்டு தோய்க்கேக்க மற்றது கையில இருக்கும். தோய்ச்சுக் காய்ஞ்சதை ஒரு இரவு உங்கட தலைமாட்டில வச்சிட்டுக் குடுங்கோ, வாசம் திரும்ப வந்திடும்.